மூன்று நாள் தாங்கும் கட்டுச்சோறு

காலை ஆறேகாலுக்குக் கூடத்துச் சுவரில், வீட்டுப் பேச்சைக் கேட்கிற பெட்டியான செவியன் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு விழிக்கும். அது விழித்த மறு நிமிடம் பொன்னுவேல் சமையலறை வாசலில் வந்து நிற்பான்.

“அக்கா, காப்பி குடிச்சியா? முதல்ல நீ குடி அக்கா. எங்களுக்குப் பெறகு போடலாம்.”

தம்பி குடும்பத்தோடு உலகம்மை இருக்க வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதில் பதின்மூன்றே முக்கால் வருடம் அவள் காப்பி குடித்தாளா, கஞ்சி குடித்தாளா, பட்டினி கிடந்தாளா என்று கேட்க அந்த வீட்டில் ஒரு நாதி கிடையாது. இந்த மூன்று மாதமாகத்தான் இப்படி ஓர் உபசாரம். கொஞ்ச நஞ்சமா? அவள் உட்கார்ந்தால் முதுகுக்குத் தலையணை வருகிறது. இருமினால் வெந்நீர் வருகிறது. தம்பி பெண்டாட்டி தமயந்திக்கும் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். அந்தத் தமயந்தியே கூடத்தில் வைத்து, “மதினி, முட்டு வலிக்குன்னியளே, காலை நீட்டுங்க, தைலம் தேச்சு விடுதேன்” என்கிறாள். சொல்வதோடு விடாமல் தேய்த்தும் விடுகிறாள்.

ஐம்பத்து நான்கு வயதுவரை கல்யாணம் காட்சி என்று ஒன்றும் காணாமல் அடுப்படியிலேயே தேய்ந்த மனுஷிக்கு வேறென்ன வேண்டும்? உலகம்மை உச்சி குளிர்ந்து போனாள். சாமி தாமதமாகக் கண்ணைத் திறந்தாலும் நன்றாகத்தான் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு குறை, கோமதி. தம்பியின் ஒரே மகள். பதினோரு வயது. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து உலகம்மையின் கைக்குள்ளேயே வளர்ந்தவள். அத்தையின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அந்தப் பிள்ளைக்கு இந்த மூன்று மாதமாக என்ன பிசாசு பிடித்ததோ தெரியவில்லை.

“இந்த ரசத்த மனுசன் குடிப்பானா? கழனித் தண்ணி!” என்று கூடத்தின் நடுவே நின்று கத்துவாள். “அத்தைகிட்ட வந்தாலே வேர்வை நாத்தம்” என்பாள். ஒரு நாள் அத்தையின் கண்ணாடியை ஒளித்து வைத்துவிட்டுச் சிரித்தாள். பெற்றவர்கள் அவள்மேல் “சனியனே, வாயை மூடு” என்று எரிந்து விழுவார்கள். எரிந்து விழ வேறு காரணமே இல்லாதபோதும் விழுந்தார்கள்.

வீட்டில் இத்தனை களேபரத்துக்கும் நடுவே ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு உலா நாள் கிடைத்திருந்தது.

முத்துநகர்க் கவிகையில் நாற்பது மாடிக் குடியிருப்புகள் பதினெட்டு இருக்கின்றன. எல்லாம் ஒரே கண்ணாடிக் கூரைக்குக் கீழே. கூரைக்கு வெளியே பகல் வெயிலில் கால் மணி நேரம் நின்றால் தோல் பொத்துப் போகும். மேற்கே மலையடிவாரத்தில் மட்டும் மனிதன் மூச்சு விடுகிற மாதிரி காற்று உண்டு. அங்கே நிர்வாகம் வனக்களிப் பூங்கா நடத்துகிறது. ஒரு பாதி உயிர்க்காட்சிச் சாலை. நிஜ யானை இரண்டு, ஒரு புலி, ஒட்டகச்சிவிங்கிகள். மறு பாதி ராட்டினமும் சறுக்கு ரயிலும் நீர்விளையாட்டும். ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருடத்தில் ஒரு நாள். காலை ஏழுக்குப் புறப்பட்டு மாலை ஆறுக்குத் திரும்பிவிட வேண்டும்.

தினமும் சாயங்காலம் பொன்னுவேலும் தமயந்தியும் ஒளிச்சுவரில் பூங்காவின் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

“ஒம்பது மணிக்கு யானை. பத்தரைக்கு ராட்டினம். சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு ஒட்டகச்சிவிங்கி” என்பாள் தமயந்தி.

“ஒட்டகச்சிவிங்கிய நாலு மணிக்கு வச்சுக்கிடுவோம்” என்பான் பொன்னுவேல். அவன் விரல் ஒட்டகச்சிவிங்கிக் கொட்டடிக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் வந்து நின்றுவிடும். ஓடைக்கு அந்தப் பக்கம் வரைபடத்தில் ஒன்றும் கிடையாது, வெறும் பச்சை. அந்த மலைக்குள் நிர்வாகத்துக்கு அடங்காத குடிகள் இருப்பதாகப் பேச்சு உண்டு. உலகம்மை பலகாரத் தட்டை வைத்துவிட்டு அந்த விரலையே பார்ப்பாள். பாவம், மகளுக்காக எவ்வளவு யோசித்துத் திட்டம் போடுகிறான் என்று தோன்றும்.

மகளுக்காகத்தான். கோமதிக்கு ஆடியில் பன்னிரண்டு முடிகிறது. பன்னிரண்டு முடிந்த பிள்ளைகளில் ஆறில் ஒன்றைக் கடலடி ஆழ்தளத்துப் பயிற்சிக்கு எடுப்பது வழக்கம். போன பிள்ளை மாதம் ஒருமுறை ஒளிச்சுவரில் வந்து சிரிக்கும். இரண்டு வருடம் கழிந்ததும் அதுவும் நின்றுபோகும். ஏன் என்று கேட்ட பெற்றோரும் உண்டு. அவர்களையும் அதற்குப் பிறகு யாரும் கண்டதில்லை. இந்த வருடப் பட்டியலில் கோமதியின் பெயர் வந்திருந்தது. ஆவணி முதல் தேதி அழைப்பு. பெயர் வந்த அன்று வீடே இழவு வீடாகக் கிடந்தது. மறுநாள் பொன்னுவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போறதுக்கு முன்னால பிள்ளைய ஒரு நாளாவது சந்தோசமா வச்சிருப்போம்” என்று உலாவுக்கு எழுதிப் போட்டான். அன்றிலிருந்துதான் உபசாரமும் தொடங்கியது. உலகம்மை இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

உலாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது செவியன் வாய் திறந்தது. “உலா அனுமதிக்கப்பட்டது. பிணை, உலகம்மை.”

உலா போகிற குடும்பம் ஒருவரைக் கவிகை வாயிலில் பிணையாக விட்டுப் போக வேண்டும். ஆறு மணிக்குள் குடும்பம் திரும்பாவிட்டால் பிணை கீழ்த்தளத்து உப்பறைக்குப் போகும். உப்பறையிலிருந்து மேலே வந்தவர் இல்லை. யார் பிணை என்பதைக் குடும்பம் தீர்மானிக்க முடியாது, செவியன்தான் சொல்லும். எதை வைத்துச் சொல்கிறது என்று நிர்வாகம் வெளியே சொன்னதில்லை.

“ஐயோ, எங்க அக்காவையா!” என்று பொன்னுவேல் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். உலகம்மை ஓடிப்போய் அவன் முகத்தைத் தாங்கினாள். அவள் உள்ளங்கை ஈரமாகவில்லை. கோமதி சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வீசிவிட்டு உள்ளே ஓடினாள்.

மறுநாள் இருபத்து மூன்றாம் மாடித் தண்ணீர் வரிசையில் எதிர் வீட்டு ஜெபமணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் கடகடவென்று ஓடுகிற இடம் அது. அந்த இரைச்சலில் எந்தச் செவியனுக்கும் காது கேட்காது.

“ஏ உலகு, ஒன்னையவா பிணை சொல்லிருக்கு?”

“ஆமா. எம்புட்டு நேரம், ஒரு பகல்தான?”

“ஒன் தம்பி இப்பம் ஒன்னையத் தாங்குதானாமே?”

“தாங்குதான். தங்கமா பாத்துக்கிடுதான்” என்றாள் உலகம்மை பெருமையாக.

ஜெபமணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “பெத்த பிள்ளைய?”

“அவளைத்தான் நாயே பேயேன்னு ஏசுதாவ. அது ஏன்னுதான் வெளங்கல.”

“வெளங்கலையா? அட வெகுளிப் பொம்பளே! சோழியன் குடுமி சும்மா ஆடுமாட்டி? இந்தக் காதுப் பெட்டி வீட்டுக்குள்ள பேசுத பேச்சையெல்லாம் கேட்டு, யார் மேல வீட்டுல எல்லாருக்கும் உசுருன்னு பாக்கும். யாரை விட்டுட்டுப் போக மனசு வராதோ அவியளத்தான் பிணையாப் பிடிக்கும். அப்பத்தான திரும்பி வருவாவ? இது தெரிஞ்ச குடும்பம் என்ன செய்யும், யாரை விட்டுட்டுப் போகணுமோ அவியளக் கொஞ்சும்.”

உலகம்மைக்கு எந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. குடம் நிரம்பி வழிந்தது.

“இன்னும் கேளு” என்றாள் ஜெபமணி. “வாசல்ல பொய்யக் கண்டுபிடிக்குத மெய்த்தட்டு ஒண்ணு இருக்கு. அதுல கையை வச்சு, இந்தக் குடும்பத்துல ஒம்மேல பாசம் இருக்கான்னு ஒரே கேள்விதான் கேப்பாவ. முன்ன போறவியளத்தான் கேட்டுப் பாத்தாவ. அவிய ஏதோ மாத்திரையப் போட்டுக்கிட்டு தட்டை ஏமாத்திட்டாவ. இப்பம் பிணையக் கேக்காவ. போன வருசம் நம்ம ஒம்பதாம் மாடிப் பெரியம்மை கையை வச்சு ஆமான்னா. தட்டு செவந்து போச்சு. அவ மனசுக்கே நம்பிக்கை இல்லை பாத்துக்கோ. குடும்பத்தோட உப்பறைக்குக் கொண்டுட்டுப் போயிட்டாவ.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு உலகம்மை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் இரண்டு நாள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்தது. வீட்டின் பின்பக்கம் துணி உலர்த்துகிற சின்ன அறை இருக்கிறது. அங்கே சூடுகாற்று ஊதி ஓயாமல் இரையும், செவியன் எட்டாது. கூடத்தில் கால் பிடித்துவிட்ட தமயந்தி அந்த அறைக்குள் வந்தால் ஈரத்துணி வாளியை அவள் முன்னால் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். கூடத்தில் “அக்கா அக்கா” என்று உருகுகிற தம்பி, அங்கே அவளைத் தாண்டி நடக்கும்போது சுவரோடு சுவராக ஒதுங்கினான்.

அந்த அறைக்கு வருகிறவர்களில் கோமதி மட்டும்தான் இருந்து போவாள். வந்து பேசாமல் துணி மடிப்பாள். சில நாள் அத்தையின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள். கூடத்துக்குப் போனதும் மறுபடியும் “கழனித் தண்ணி” தொடங்கிவிடும். பிள்ளைக்கு மனசு ஒரு நிலையில் இல்லை, ஆழ்தளப் பயம் என்று உலகம்மை நினைத்துக்கொண்டாள்.

இருந்தாலும் உள்ளே ஒரு நப்பாசை. ஜெபமணிக்கு எப்போதும் சந்தேக புத்தி. தம்பி ஆறு மணிக்கு வந்துவிடுவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். உலாவுக்கு முதல் நாள் காலையில் அந்த ஆசையும் போயிற்று.

“நாளைக்குக் கட்டுச்சோத்துக்கு என்னல செய்யட்டும்? புளியோதரை கொஞ்சம், தயிர்ச்சோறு கொஞ்சம்?” என்று கேட்டாள்.

“தயிர்ச்சோறு வேண்டாம்க்கா. புளியோதரை மட்டும் போதும். கொஞ்சம் கூடுதலாவே கிண்டிரு.”

“வெயில்ல போற எடத்துக்குத் தயிர்ச்சோறுதான குளிர்ச்சி? பிள்ளைக்குப் புளி ஆகாதுல்லா?”

“வேண்டாம்னா வேண்டாம்க்கா” என்றவன், செவியனை ஒரு தரம் பார்த்துவிட்டு, “ஒனக்கு எதுக்கு வீண் சிரமம், என் செல்ல அக்கா” என்று முடித்தான்.

செவியனுக்குப் பாசம் தெரியும், கோபம் தெரியும், சதியின் வாடைகூடத் தெரியும் என்பார்கள். எந்தச் சோறு எத்தனை நாளில் ஊசும் என்பது அதற்குத் தெரியாது. தயிர்ச்சோறு மதியம் தாண்டினால் புளிக்கும். புளியோதரை கிடக்கும். மதியம் ஒரு வேளை சாப்பிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிற மூன்று பேருக்குக் கூடுதலாக எதற்குப் புளியோதரை?

உலகம்மை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நெஞ்சு எரிந்தது. மூன்று மாதம்! கால் பிடித்த கையும் காப்பி கேட்ட வாயும் நடிப்பு. தன்மேல் பலியாட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கிற மாதிரி தெளித்திருக்கிறார்கள். அவளும் தலையை ஆட்டியிருக்கிறாள். அதை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘அடப் பாவி, நேரா வந்து சொல்லியிருந்தாத்தான் என்ன? துணி அறையில வந்து, அக்கா, பிள்ளைய காப்பாத்தணும், நீ நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லிருப்பேன்?’ வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள். நாளைக்குத் தயிர்ச்சோறே கட்டுவோம், நடக்கிறபடி நடக்கட்டும் என்று பால் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்தாள்.

அப்போது கூடத்தில் கோமதி இருமுகிற சத்தம் கேட்டது. சின்ன இருமல்தான். கடலுக்கு அடியில், கண்ணாடிக்குப் பின்னால், அந்தப் பிள்ளை இருமினால் வெந்நீர் வைத்துக் கொடுக்க யார் இருப்பார்கள்?

உலகம்மை பாலைத் திரும்ப உள்ளே வைத்தாள். புளியை ஊறப்போட்டாள். மாதப் பங்கீட்டு நல்லெண்ணெய் முழுவதையும் சட்டியில் ஊற்றினாள். புளிக்காய்ச்சலை எண்ணெய் மிதக்க மிதக்கச் சுண்ட வைத்தாள். உப்பு ஒரு கை தூக்கல். வெங்காயமும் தேங்காயும் பக்கத்திலேயே வரக்கூடாது. சோற்றை விரித்து நன்றாக ஆற வைத்துப் பிசைந்தால் மூன்று நாள் கெடாது. மலை ஏறி, ஆள் இருக்கிற இடம் தேடிப் போய்ச் சேர மூன்று நாள் போதுமோ போதாதோ, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மனம் தெளிந்ததும் புதுப் பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் நிற்கத் தயார். தட்டு ஒத்துக்கொள்ளுமா? ‘இந்தக் குடும்பத்தில் உங்கள் மேல் பாசம் இருக்கிறதா?’ நேற்றுவரை கேட்டிருந்தால் வாய் நிறைய ஆமா என்றிருப்பாள். தட்டும் பச்சையாக ஒளிர்ந்திருக்கும். இன்றைக்கு அவளுக்கு உண்மை தெரியும். தட்டு சிவந்தால் எல்லோரும் உப்பறைக்குப் போவார்கள். தம்பி செய்த திட்டத்தில் ஒரே ஓட்டை அவளுக்கு விஷயம் தெரிந்துபோனதுதான். அதை அவனிடம் சொல்லவும் வழியில்லை. அவள் துணி அறைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் அவன் வேலை இருக்கிறதென்று நழுவினான்.

மறுநாள் காலை கவிகை வாயிலுக்கு நான்கு பேரும் நடந்தார்கள். உலகம்மை வழி நெடுக மனதைத் துழாவினாள். சின்ன வயதில் தம்பிக்குச் சோறு ஊட்டியதை நினைத்தாள். ஊட்டியது அவள், அவன் தின்றான். காய்ச்சலில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நினைத்தாள். அதுவும் அவள் பாசம்தான். அவர்கள் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று தேடினாள். நடிப்பில்லாத ஒரு நாள், ஒரு வார்த்தை. கவிகை வாயிலே வந்துவிட்டது, அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பூங்கா வண்டி நின்றது. நெற்றியில் வேர்வையோடு ஓர் இளம்பெண் அலுவலர் மேசைக்குப் பின்னால் இருந்தாள். மேசைமேல் பூரான் நிறத்தில் ஓர் உலோகத் தட்டு. சுவரில் பெரிய செவியன்.

உலகம்மை கட்டுச்சோற்றுப் பையைத் தம்பியிடம் கொடுத்தாள். கனத்தில் அவன் கை தாழ்ந்தது.

“நல்லெண்ணெய் தாராளமா ஊத்திருக்கேம்ல. ஒண்ணும் ஆகாது” என்றாள்.

பொன்னுவேல் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது.  அவள் தட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“பிணை முன்னால வாங்கம்மா. கையை வைங்க.”

அவள் கையைத் தூக்கினாள். தட்டில் வைக்காமல் நிறுத்தினாள்.

“வேண்டாம்!”

கோமதி தாயின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். தட்டுக்கும் அத்தைக்கும் நடுவே நின்று, சுவரில் இருந்த செவியனை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள். “இவளப் பிணையா வைக்காதிய! எனக்கு இவளப் பிடிக்கவே பிடிக்காது! இவ வைக்கது கழனித் தண்ணி! இவகிட்ட வேர்வை நாத்தம் அடிக்கும்! நான் எத்தன நாளா சொல்லுதேன், ஏன் கேக்க மாட்டேங்கிய? வேற யாரையாவது வைங்க! என்னைய வைங்க!” கத்தக் கத்தக் கண்ணீரும் மூக்குச்சளியும் வழிந்தன. பின்னால் போன அவள் வலது கை மட்டும் அத்தையின் முந்தானை நுனியைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தது.

உலகம்மை அந்தக் கையைப் பார்த்தாள். கூடத்தில் செவியனுக்கு நேர் கீழே நின்று ஏசிய ஏச்சு. அது கேட்காத அறையில் தோளில் வைத்த நெற்றி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாத ரகசியமா இது? பெட்டி பாசத்தைப் பிடிக்கும் என்று தெரிந்த பிள்ளை, அத்தையைப் பிடித்துவிடக் கூடாதென்று மூன்று மாதம் நாள் தவறாமல் வெறுத்துக் காட்டியிருக்கிறாள். ஒருத்தி குரல் எடுபடவில்லை. பெரியவர்கள் இருவரின் குரல் ஜெயித்துவிட்டது.

“சின்னப் பிள்ளை பேச்சு கணக்கில்லை. தட்டு சொல்லட்டும்” என்றாள் அலுவலர், சலிப்போடு. தமயந்தி வந்து மகளை இழுத்துக்கொண்டாள். முந்தானை நுனி நூல் பிரிந்து வந்தது.

உலகம்மை கையை வைத்தாள். இந்தத் தரம் தயங்கவில்லை.

“இந்தக் குடும்பத்தில் உங்கள் மேல் உண்மையான பாசம் இருக்கிறதா?”

“இருக்கு” என்றாள்.

தட்டு பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தது. இவ்வளவு பச்சையை அலுவலர் பார்த்ததில்லை போலும். ஒரு கணம் நிமிர்ந்து உலகம்மையைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது. “அத்தை! பொய் சொல்லு அத்தை!” என்ற சத்தம் வண்டிக் கதவு சாத்தும்வரை கேட்டது.

பிணை அறையில் ஒரு பெஞ்சும் ஒரு கடிகாரமும் இருந்தன. ஒன்பது மணிக்கு யானை பார்ப்பார்கள். பத்தரைக்கு ராட்டினம். கோமதி ஏறியிருப்பாளா, மாட்டேனென்று முரண்டு பிடிப்பாளா? மதியம் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். நாலு மணி ஆனதும் உலகம்மை எழுந்து நின்று, மேற்கு எந்தப் பக்கம் என்று உத்தேசமாகப் பார்த்து, ஓடையில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பயமில்லை என்று சொல்லியிருந்தால் அந்தத் தட்டு அப்போதே சிவந்திருக்கும்.

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலர் கதவைத் திறந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், பெஞ்சில் இருந்தவளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். “காப்பி குடிக்கியளாம்மா?”

உலகம்மை நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். அந்த அறையில் செவியன் இல்லை.

“குடு தாயி” என்றாள்.

அவள் பாதி டம்ளர் குடித்திருக்கும்போது ஆறு மணிச் சங்கு ஊதியது.